மௌனத்தை விலையாகக் கேட்கும் நிவாரணம்

பசித்தவருக்கு உணவும் காயமுற்றவருக்கு மருந்தும் கொடுப்பதே மனிதாபிமானப் பணி என்பது பொதுவான விளக்கமாகும். அதில் சரி, பிழை என்று வாதிப்பதற்கு என்ன இருக்கிறது என ஒருவர் கேட்டால் அதில் வியப்பில்லை. ஆனால், போர் நடைபெறும் நிலத்தில் ஓர் அரிசி மூடை கூட ஆயுதம் தாங்கிய ஒரு தரப்பின் சம்மதமின்றி உள்ளே செல்வதில்லை. அந்தச் சம்மதத்துக்கு ஒரு விலை இருக்கிறது. சில வேளைகளில் அது பணமாக இருக்கும். சில வேளைகளில் கொண்டுசெல்லப்படும் பொருட்களில் ஒரு பங்காக இருக்கும். பெரும்பாலான வேளைகளில் அது மௌனமாகவே இருந்து வந்திருக்கிறது. கண்டதைச் சொல்லாதிருந்தால் உள்ளே வரலாம், சொன்னால் வெளியேற வேண்டும் என்பதே உலகெங்கும் நிவாரணப் பணியாளர் முன் வைக்கப்படும் எழுதப்படாத நிபந்தனையாகும். இருதலைக் கொள்ளி எறும்பின் நிலையென்று இதனைக் கூறலாம்.

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் காஸாவில் இந்தக் கேள்வி மீண்டும் எழுந்தது. ஏறக்குறைய 11 வாரங்களாக உணவுப் பொருட்கள் தடுக்கப்பட்டிருந்த அப்பகுதியில், அமெரிக்காவினதும் இஸ்ரேலினதும் ஆதரவுடன் 'காஸா மனிதாபிமான அறக்கட்டளை' என்ற புதிய அமைப்பு உணவு விநியோகத்தை ஆரம்பித்தது. நூற்றுக்கணக்கான இடங்களில் நடைபெற்று வந்த விநியோகத்துக்குப் பதிலாக, இராணுவக் கட்டுப்பாட்டுப் பிரதேசங்களில் அமைந்த ஒருசில நிலையங்களுக்கு மக்கள் நடந்து செல்ல வேண்டியிருந்தது. ஐ.நா. நிறுவனங்களும் பிரதான தொண்டு நிறுவனங்களும் அதில் பங்கேற்க மறுத்தன. பட்டினி கிடக்கும் மக்களுக்கு எவர் கையால் உணவு கிடைத்தால் என்ன என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவ்வாண்டு ஜூலை இறுதி வரையான இரண்டு மாத காலத்தில் உணவு தேடிச் சென்ற 1,373 பேர் கொல்லப்பட்டதாகவும், அவர்களில் 859 பேர் அந்நிலையங்களின் சுற்றுப்புறங்களிலேயே உயிரிழந்ததாகவும் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் தெரிவித்தது. அந்த அமைப்பு 2025 நவம்பரில் தனது பணிகளை முடித்துக்கொண்டது.

இலங்கைத் தமிழ் மக்களுக்கு இந்த விவாதம் தூர தேசத்துச் செய்தியன்று. 2008 செப்டெம்பர் தொடக்கம் 2009 மே வரையான ஒன்பது மாத காலத்தில், நிவாரண நிறுவனங்களின் வெளியேற்றம், மௌனம், விட்டுக்கொடுப்பு ஆகிய மூன்றையும் வன்னி மக்கள் அனுபவித்திருக்கிறார்கள். அக்கால முடிவுகளில் சில பிழையானவை என்பதை ஐ.நா. சபையே பின்னர் ஏற்றுக்கொண்டது. ஆதலால், மனிதாபிமானப் பணியின் அறச்சிக்கல்களைப் பற்றிப் பேசும்போது நாம் எமது மண்ணிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியுள்ளது.

2008 செப்டெம்பர் முற்பகுதியில், வன்னியில் பணியாற்றும் நிவாரணப் பணியாளரின் பாதுகாப்புக்கு உத்தரவாதமளிக்க முடியாதென அரசாங்கம் அறிவித்து, அவர்களை வெளியேறுமாறு கோரியது. ஐ.நா. நிறுவனங்களும் சர்வதேச அரச சார்பற்ற நிறுவனங்களும் ஒருசில தினங்களுக்குள் தமது கிளிநொச்சி அலுவலகங்களை மூடிக்கொண்டு வவுனியாவுக்கு நகர்ந்தன. ஐ.நா. அலுவலக வாயிலில் திரண்ட மக்கள் தம்மை விட்டுப் போக வேண்டாமெனக் கோரி வழிமறித்தார்கள். நீங்கள் போன பின்னர் நடப்பதைப் பார்ப்பதற்கு இங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்பதே அவர்களது முறைப்பாட்டின் சாரமாக இருந்தது. அவர்கள் கேட்டது அரிசியையும் மாவையும் மட்டுமன்று, தமக்கு ஒரு சாட்சியையும் கேட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு மாத்திரமே பின்னரும் தொடர்ந்து அங்கிருந்து பணியாற்றியது.

வெளியேறியவர்களின் பக்கத்தில் நியாயமே இல்லையென்று நாம் கூற வரவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 2006 ஆகஸ்ட் 4ஆம் திகதி, மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் 17 பணியாளர்கள் தமது அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். அந்தக் கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அவ்வாறானதொரு நாட்டில், பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லை என்று அரசாங்கமே கூறும்போது, தனது பணியாளரை அங்கேயே தங்கியிருக்குமாறு எந்த அதிகாரியும் இலகுவில் கட்டளையிட முடியாது. எனினும், அந்த அறிவித்தலை எதிர்த்து வாதாடுவதற்கும், குறைந்தபட்ச பிரசன்னத்தையாவது தக்கவைப்பதற்கும் போதிய முயற்சி எடுக்கப்பட்டதா என்பதே கேள்வியாகும். எடுக்கப்படவில்லை என்பதே பின்னர் வந்த உள்ளக ஆய்வின் முடிவாக இருந்தது.

வெளியேற்றத்தின் பாரத்தை எல்லோரும் சமமாகச் சுமக்கவுமில்லை. வெளிநாட்டுப் பணியாளர் புறப்பட்டுச் சென்றனர். உள்ளூர்ப் பணியாளர் பலர் வெளியேறுவதற்கு விடுதலைப் புலிகள் அனுமதி மறுத்தனர். அனுமதி கிடைத்த சிலருக்கும் குடும்பத்தைக் கூட்டிச் செல்ல அனுமதி கிடைக்கவில்லை. மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு வவுனியாவுக்குச் செல்வதா, அவர்களுடன் பதுங்குகுழிக்குள் இருப்பதா என்பதை அவர்கள் தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஐ.நா. பணியாளரையும் அவர்களது குடும்பத்தவரையும் கூடப் புலிகள் பலவந்தமாகப் படையில் சேர்த்தமையை 2009 மார்ச்சில் ஐ.நா. பகிரங்கமாகவே கண்டித்தது. உலகெங்கும் கொல்லப்படும் நிவாரணப் பணியாளரில் மிகப் பெரும்பான்மையினர் உள்ளூர்வாசிகளே. மூதூரில் இறந்த 17 பேரும் இந்நாட்டவர்களே. எந்தச் சமரசத்தின் ஆபத்தும் முதலில் இவர்கள் மீதே விழுகிறது. ஆனால், சமரசம் பேசப்படும் மேசையில் இவர்களுக்கு ஆசனம் இருப்பதில்லை.

வெளியேறிய பின்னர் ஐ.நா. நிறுவனங்கள் வவுனியாவிலிருந்து லொறித் தொடரணிகள் மூலம் உணவு அனுப்பின. 2008 ஒக்டோபர் தொடக்கம் 2009 ஜனவரி நடுப்பகுதி வரை 11 தொடரணிகள் சென்றன. இலட்சக்கணக்கானோரின் தேவையுடன் ஒப்பிட்டால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி போன்றதே. கடைசித் தொடரணியுடன் சென்று உள்ளே தங்கிவிட்ட ஐ.நா. பணியாளர்கள், பாதுகாப்பு வலயமென அரசாங்கம் அறிவித்த சுதந்திரபுரம் பகுதியில் எறிகணைகள் விழுந்து மக்கள் மடிவதைக் கண்ணால் கண்டு கொழும்புக்கு அறிவித்தனர். அவர்கள் கண்டது உரிய வேளையில் உலகுக்கு முழுமையாகச் சொல்லப்படவில்லை.

எவ்வளவு உணவு அனுப்புவது என்பது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2009 பெப்ரவரியில் அரசாங்கம் சுமார் 70 ஆயிரம் பேரே எஞ்சியிருப்பதாகக் கூறியது. அங்கே கடமையிலிருந்த அரச அதிகாரிகளின் கணிப்பு அதனிலும் பல மடங்காக இருந்தது. இறுதியில் முகாம்களை வந்தடைந்தோரின் தொகை சுமார் 2 இலட்சத்து 80 ஆயிரம். ஆக, ஓர் எண்ணைப் பற்றிய தர்க்கம் ஒரு குழந்தையின் பால்மாவைப் பற்றிய தர்க்கமாகவும், சத்திரசிகிச்சைக்கான மயக்க மருந்தைப் பற்றிய தர்க்கமாகவும் இருந்தது. அந்த எண்ணைப் பகிரங்கமாக மறுத்துரைத்தால் எஞ்சியிருக்கும் அனுமதியும் போய்விடும் என்ற அச்சம் பலரது வாயைக் கட்டிப்போட்டது.

இறந்தோரின் எண்ணிக்கையிலும் இதுவே நடந்தது. கொழும்பிலிருந்த ஐ.நா. அதிகாரிகள் சிலர், வன்னியிலிருந்து கிடைத்த தகவல்களை ஒன்றுடனொன்று ஒப்புநோக்கி, பொதுமக்கள் இழப்புகளைக் கணக்கிட்டு வந்தனர். 2009 மார்ச் 13ஆம் திகதி, ஜனவரி 20க்குப் பின்னர் 2,800க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாமென ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் நவநீதம்பிள்ளை அறிவித்தார். அந்த அறிக்கையை மென்மைப்படுத்துமாறு ஐ.நா.வின் உயர்மட்டத்திலிருந்தே அவருக்கு ஆலோசனை கூறப்பட்டிருந்தமை பின்னர் வெளிவந்தது. உறுதிப்படுத்தப்படாத எண்கள் என்பதே கூறப்பட்ட காரணம். அதேவேளை, புலிகளின் மீறல்களைப் பெயர் சொல்லிக் கண்டிக்க ஐ.நா. தயங்கவில்லை. மக்களைத் தடுத்துவைத்தமையும் தப்பி ஓடியோரைச் சுட்டமையும் கண்டிக்கப்பட வேண்டியவையே. ஆனால், எறிகணை வீச்சுகளுக்குப் பொறுப்பானவர் யார் என்ற இடத்துக்கு வரும்போது அறிக்கைகளின் மொழி மங்கிவிட்டது. ஒரு தரப்பைப் பற்றி மாத்திரம் பேசும் மௌனத்தை நடுநிலை என்று கூறமுடியாது.

இந்த மௌனத்துக்குக் கூறப்பட்ட நியாயத்தையும் நாம் நேர்மையுடன் பதிவு செய்ய வேண்டும். அதே 2009 மார்ச் மாதத்தில், சூடான் ஜனாதிபதி ஒமர் அல் பஷீருக்கு எதிராக சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தவுடன், டார்பூரில் பணியாற்றிய 13 சர்வதேச தொண்டு நிறுவனங்கள் வெளியேற்றப்பட்டன. அவற்றின் உணவிலும் மருந்திலும் தங்கியிருந்த பெருந்தொகையான மக்கள் அதன் விளைவை அனுபவித்தார்கள். இலங்கையிலும், முகாம்களிலிருந்த பிள்ளைகளின் நிலைபற்றிப் பேசிய யுனிசெஃப் பேச்சாளரின் விசா 2009 செப்டெம்பரில் இரத்துச் செய்யப்பட்டது. வாயைத் திறந்தால் கதவு மூடப்படும் என்ற அச்சம் கற்பனையன்று.

ஆனால், ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவர் அந்தப் பொருள் கைக்கு வந்ததா என்று பார்க்க வேண்டாமா? மௌனம் என்ற விலையைக் கொடுத்து ஐ.நா. வாங்க விரும்பியது வன்னிக்குள் செல்லும் அனுமதியை. 2009 ஜனவரிக்குப் பின்னர் அந்த அனுமதி ஏறத்தாழ முற்றாகவே கிடைக்கவில்லை. விலை மட்டும் தொடர்ந்து செலுத்தப்பட்டது. எப்போது இந்தக் கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது என்று முன்கூட்டியே தீர்மானிக்கப்படாததால், அது பழக்கமாகவே மாறிவிட்டது. எமது கருத்தில், வன்னி விவகாரத்தின் மையமான பிழை இதுவேயாகும்.

செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவும் சமரசம் செய்துகொண்ட அமைப்பே. கண்டதை அரசாங்கங்களிடமும் ஆயுதக் குழுக்களிடமும் இரகசியமாக மட்டும் எடுத்துரைப்பது அதன் நீண்டகால நடைமுறை. ஆனால், அது உள்ளே இருந்தது. 2009 பெப்ரவரி தொடக்கம் மே 9ஆம் திகதி வரை, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து காயமுற்றோரும் உடன் சென்றோருமாகச் சுமார் 14 ஆயிரம் பேரைக் கப்பல் மூலம் அது வெளியே கொண்டுவந்தது. அந்த ஆண்டில் தனது பணியாளர் மூவரையும் இழந்தது. நிலைமை எல்லை மீறியபோது, கற்பனைக்கெட்டாத மனிதப் பேரவலம் என்று பகிரங்கமாகவே அறிவித்தது. அதன் மௌனம் எதற்காக என்பது எல்லாத் தரப்புக்கும் தெரிந்திருந்தது. அதன் எல்லையும் தெரிந்திருந்தது. அதற்கு ஈடாகக் கிடைத்ததை எண்ணிப் பார்க்கவும் முடிந்தது.

அந்தக் கப்பலைப் பற்றிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கப்பல் ஆழ்கடலில் நிற்கும். கரையிலிருந்து சிறு படகுகளிலேயே காயக்காரரை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் இடம் சில நூறு பேருக்கே. கரையில் காத்திருந்தோரோ அதனிலும் மிகப் பலர். யாரை ஏற்றுவது, யாரை விடுவது, காயமுற்ற குழந்தையுடன் தாயை அனுப்பினால் மற்றைய பிள்ளைகள் யாருடன் நிற்பது என்ற தீர்மானங்களைக் கரையில் நின்ற வைத்தியர்களும் பணியாளர்களும் எடுத்தார்கள். அறச்சிக்கல் என்ற சொல்லுக்கு இதைவிடக் கடுமையான பொருள் இருக்க முடியாது. மருந்தின்றி இயங்கிய வைத்தியசாலைகளிலிருந்து இழப்புகளை உலகுக்குத் தெரிவித்த அரச வைத்தியர்கள் போரின் முடிவில் தடுத்துவைக்கப்பட்டனர். தடுப்புக் காவலில் இருந்தவாறே 2009 ஜூலையில் ஊடகவியலாளர் முன் தோன்றித் தமது முன்னைய எண்ணிக்கைகளை மறுத்துரைத்தனர். பேசியதற்கான விலையையும் உள்ளூர்வாசிகளே செலுத்தினார்கள் என்பதற்கு இது சான்று.

போர் முடிந்த பின்னர் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. செட்டிகுளம் மெனிக் பாமில் முட்கம்பி வேலிக்குள், இராணுவக் காவலின் கீழ் மக்கள் வைக்கப்பட்டனர். அரசாங்கம் அவற்றை நலன்புரி நிலையங்கள் என்றழைத்தது. வெளியே செல்ல அனுமதியில்லாத ஓர் இடத்துக்கு நலன்புரி என்ற சொல் எப்படிப் பொருந்தும் என்று அன்று பலரும் கேட்டார்கள். அங்கே கூடாரங்களும் குடிநீரும் மலசலகூடங்களும் உணவும் பெருமளவில் ஐ.நா. நிறுவனங்களினதும் தொண்டு நிறுவனங்களினதும் செலவிலேயே வழங்கப்பட்டன. கொடுக்காவிட்டால் மக்கள் நோயில் மடிவார்கள். கொடுத்தால், மக்களை அடைத்துவைக்கும் ஏற்பாட்டை நடத்தும் செலவை உலகம் ஏற்றுக்கொண்டதாகிவிடும். 2009 ஆகஸ்ட் மழையில் முகாமின் சில பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கி மலக்குழிகள் நிரம்பி வழிந்தபோது, இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அம்முகாம்களுக்கு அருகே வைத்தியசாலை அமைத்துப் பணியாற்றியது. அதற்கான அனுமதிக்கு ஈடாக, பகிரங்கக் கருத்து வெளியிடுவதில்லை என்ற கட்டுப்பாட்டை ஏற்க நேர்ந்ததை அவ்வமைப்பே 2011இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தது. உரிமைக்காகக் குரல் கொடுப்பதில் பெயர்பெற்ற ஓர் அமைப்பு காயக்காரருக்குச் சிகிச்சையளிப்பதற்காக வாயை மூடிக்கொண்டது. அது சரியா, பிழையா என்பதில் இருவேறு கருத்துகள் இருக்கலாம். ஆனால், செய்த சமரசத்தைத் தானே எழுதிவைத்து விவாதத்துக்கு விட்டமை பாராட்டத்தக்கது. முகாமிலிருந்தோருக்கு வெளியே சென்றுவர அனுமதி கிடைத்தது 2009 டிசம்பர் 1ஆம் திகதியே. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோதும், கடைசியாக வெளியேறிய கேப்பாப்பிலவு மக்கள் தமது சொந்த நிலத்தில் கால்வைக்க முடியவில்லை. அங்கே இராணுவ முகாம் இருந்தது.

இவற்றையெல்லாம் ஆராய்வதற்கு ஐ.நா. நியமித்த சார்ள்ஸ் பெற்றி தலைமையிலான உள்ளகக் குழுவின் அறிக்கை 2012 நவம்பரில் வெளியானது. மக்களைப் பாதுகாக்கும் பொறுப்பில் ஐ.நா. தோல்வியடைந்தது என்று அது ஒளிவுமறைவின்றிக் கூறியது. மனிதாபிமான அனுமதியைப் பெறுவதற்காக மீறல்களைப் பற்றிப் பேசாது விடும் விட்டுக்கொடுப்புக் கலாசாரம் ஒன்று பணியாளரிடையே வேரூன்றியிருந்ததாக அது இனங்கண்டது. அதற்கு முன்னர், 2011இல் வெளியான நிபுணர் குழுவின் அறிக்கை, இறுதிக்கட்டத்தில் 40 ஆயிரம் வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாமென மதிப்பிட்டிருந்தது. அன்று உறுதிப்படுத்தப்படாதவை என்று ஒதுக்கிவைக்கப்பட்ட, மே 13 வரையான 7,721 மரணங்கள் என்ற ஐ.நா. அலுவலகக் கணக்கும் அந்த அறிக்கையில் இடம்பெற்றது. பேசவேண்டிய வேளையில் பேசப்படாத எண்கள் அறிக்கையின் பக்கங்களில் வந்து சேர்ந்தன. கண்கெட்ட பின்னர் செய்த சூரிய நமஸ்காரம் என்றே எமது மக்கள் அதனைப் பார்த்தார்கள்.

பெற்றி அறிக்கையின் விளைவாக 2013 இறுதியில் ஐ.நா. புதியதொரு மனித உரிமை முன்னெடுப்பை ஆரம்பித்தது. ஆனால், பாடம் கற்கப்பட்டதா? மியன்மாரின் ராக்கைன் மாநிலத்தில் 2012 கலவரங்களின் பின்னர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டனர். அங்கேயும் உணவும் கூடாரமும் வழங்கிய நிறுவனங்கள், பேசினால் அனுமதி போகும் என்ற அச்சத்திலும், பேசாவிட்டால் பிரித்துவைத்தலுக்குத் துணைபோவோம் என்ற சங்கடத்திலும் சிக்கின. 2017 ஆகஸ்டுக்குப் பின்னர் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷுக்குத் துரத்தப்பட்டனர். 2019இல் வெளியான கெர்ட் ரோசந்தாலின் அறிக்கை, அங்கு ஐ.நா. அமைப்பு ரீதியாகவே தோல்வியுற்றதென்றது. வன்னியின் பெயரை எடுத்துவிட்டு ராக்கைன் என்று எழுதினால் போதும் என்ற அளவுக்கு இரண்டு அறிக்கைகளும் ஒத்திருந்தன.

இதற்கு எதிர்ப்பக்கத்து அனுபவமும் உண்டு. 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒருசில தினங்களுக்குள் கோமா நகரை வந்தடைந்தனர். வாந்திபேதியாலும் வயிற்றளைச்சலாலும் முதல் மாதத்திலேயே சுமார் 50 ஆயிரம் பேர் இறந்தனர். ஆனால், அந்த முகாம்களை ஆட்சி செய்தவர்கள் இனப்படுகொலையை நடத்திய ஆயுதக் கும்பல்களே. பங்கீட்டு உணவு அவர்கள் கைகளின் ஊடாகவே சென்றது. அதுவே அவர்களது அதிகாரத்துக்கு உரமாகியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு அவ்வாண்டு நவம்பரில் வெளியேறியது. அதே அமைப்பின் ஏனைய பிரிவுகள், நோயாளரைக் கைவிட முடியாதெனக் கூறித் தங்கின. ஒரே கொள்கையை ஏற்ற நண்பர்கள் ஒரே காட்சியைக் கண்டு இருவேறு முடிவுகளுக்கு வந்தார்கள். 2022 டிசம்பரில் ஆப்கானிஸ்தானில் தலிபான் ஆட்சி, பெண்கள் தொண்டு நிறுவனங்களில் பணியாற்றுவதைத் தடைசெய்தபோதும் இதுவே நிகழ்ந்தது. சில நிறுவனங்கள் பணியை இடைநிறுத்தின. சில மருத்துவத் துறைக்கான விதிவிலக்குகளைப் பேசிப் பெற்றுத் தொடர்ந்தன.

ஆகவே, எப்போதும் பேச வேண்டும் என்றோ, எப்போதும் தங்க வேண்டும் என்றோ ஒரு சூத்திரத்தை நாம் முன்வைக்க முடியாது. சமரசமே கூடாது என்பவர் போர்க்களத்தில் ஒரு குவளை தண்ணீரையும் கொடுக்க முடியாது. சமரசத்தைச் செய்துவிட்டு அதன் விலையை மறைப்பதுதான் குற்றம். நாஜிகளின் நாடுகடத்தல்களைப் பற்றிப் பகிரங்க வேண்டுகோள் விடுப்பதில்லையென 1942 ஒக்டோபர் 14ஆம் திகதி ஜெனிவாவில் தீர்மானித்த செஞ்சிலுவைக் குழு, அது தனது வரலாற்றுத் தோல்வி என்று ஏற்றுக்கொள்ளப் பல தசாப்தங்கள் சென்றன. அன்று பேசியிருந்தாலும் கொலைகள் நின்றிருக்குமா என்பது எவருக்கும் தெரியாது. ஆனால், பேசாமையின் பாரத்தை அந்த அமைப்பு இன்றும் சுமக்கிறது.

எமது அனுபவத்திலிருந்து சில அளவுகோல்களைக் கூறமுடியும். முதலாவது, மௌனத்துக்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்பது எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். எத்தனை லொறிகள், எத்தனை காயக்காரர், எத்தனை தினங்கள் என்று கணக்கு வேண்டும். கணக்கு நின்றுபோனால் மௌனமும் முடிவுக்கு வர வேண்டும். இரண்டாவது, எந்த எல்லையைத் தாண்டினால் பேசுவோம் அல்லது வெளியேறுவோம் என்பதை நெருக்கடி வருமுன்னரே எழுதிவைக்க வேண்டும். மூன்றாவது, உடனே பேச முடியாவிட்டாலும் கண்டதைப் பதிவு செய்ய வேண்டும். கொழும்பு அலுவலகத்தில் சிலர் பிடிவாதமாக எண்ணி வைத்த கணக்கே பின்னைய விசாரணைகளுக்கு உதவியது. நான்காவது, நிறுவனங்கள் தனித்தனியே பேரம் பேசினால் ஒவ்வொன்றாக மடக்கப்படும். கூட்டாக மறுத்தால் அந்த மறுப்புக்கு ஒரு கனம் உண்டு. காஸாவில் 2025இல் அந்தக் கூட்டு மறுப்பைக் கண்டோம். அது பட்டினியைத் தீர்க்கவில்லை. ஆனால், அந்த விநியோக முறைக்கு உலகின் முத்திரை கிடைக்காமல் தடுத்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, விலையைச் செலுத்தப் போகிறவர்களிடம் கேட்க வேண்டும். கிளிநொச்சி வாயிலில் நின்ற மக்களிடம் ஒரு கருத்து இருந்தது. மெனிக் பாம் வேலிக்குள் இருந்தவர்களிடமும் ஒரு கருத்து இருந்தது. பதுங்குகுழிக்குள் குடும்பத்துடன் தங்கிய உள்ளூர்ப் பணியாளரிடம் மற்றெவரிடமும் இல்லாத அறிவு இருந்தது. இவர்களில் எவரும் நியூயோர்க்கிலும் ஜெனிவாவிலும் கொழும்பிலும் எடுக்கப்பட்ட தீர்மானங்களில் பங்கெடுக்கவில்லை. ஒருவருக்காக இன்னொருவர் செய்யும் தியாகத்தைத் தியாகம் என்று கூறமுடியாது. மக்களின் பெயரால் செய்யப்படும் சமரசம் மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மிகச் சாதாரணமான கோரிக்கையேயாகும்.

எமது சமூகமும் தன்னை ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும். தொண்டு நிறுவனங்களை ஒரு காலத்தில் இரட்சகர்களென்றும் இன்னொரு காலத்தில் உளவாளிகளென்றும் நாம் எழுதியிருக்கிறோம். இரண்டுமே அப்பணியாளரின் உண்மையான இக்கட்டை விளங்கிக்கொள்ள உதவவில்லை. தமது தரப்பின் தவறுகளைப் பற்றி நிறுவனங்கள் பேசினால் துரோகம், எதிர்த்தரப்பின் தவறுகளைப் பற்றிப் பேசினால் மனிதாபிமானம் என்று கருதும் மனப்பான்மை எல்லாச் சமூகங்களிலும் உண்டு, எம்மிடமும் இருந்தது. சாட்சி வேண்டுமென்று கேட்பவர்கள், சாட்சி முழுவதையும் கேட்கத் தயாராக இருக்க வேண்டும்.

ஒவ்வோராண்டும் மே மாதத்தில் வடக்கு கிழக்கில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கப்படுகிறது. அரிசியும் தண்ணீரும் உப்புமே அதில் உண்டு. இறுதி நாட்களில் மக்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான் என்பதை நினைவுகூரும் கஞ்சி அது. கடல் வழியாகவும் தரை வழியாகவும் வந்து சேர்ந்திருக்க வேண்டிய உணவு ஏன் வந்து சேரவில்லை, அதைக் கேட்க வேண்டியவர்கள் ஏன் உரத்துக் கேட்கவில்லை என்ற கேள்விகளும் அந்தக் கஞ்சிக் குவளையில் இருக்கின்றன. உலகின் இன்னொரு மூலையில், இன்னொரு வாயிலில் நின்று, போக வேண்டாம் என்று கெஞ்சப் போகும் மக்களுக்காகவாவது அந்தக் கேள்விகளுக்கு நேர்மையான பதில் தேடப்பட வேண்டும்.